காமராஜரும் தென் திருவிதாங்கூர்ச் சாலையும்

திருவனந்தபுரம் தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது எதிரேயுள்ள பஸ் நிலையம். அங்கே மலையாளப் பலகைகளுக்கு நடுவே ‘நாகர்கோயில்’ என்று தமிழில் எழுதிய பலகையுடன் வண்டிகள் நிற்பதைக் காணலாம். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து தங்கிவிட்ட தமிழர், அவசரமாகப் போகும் வேளையிலும் அந்தப் பலகையை ஒருமுறை படித்துவிட்டே செல்வார். அவ்வண்டியில் ஏறினால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் களியக்காவிளையில் மாநில எல்லையை அடைவோம். அதன் பிறகு மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோயில்.

இந்தச் சாலையோடு மும்முறை தொடர்பு கொண்ட ஒரு பெருவாழ்வைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இளமையில் மரக்கடையில் வேலை பழகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்பட்ட ஒருவர், நடுவயதில் சென்னையில் முதலமைச்சராக இருந்தபோது, இச்சாலையின் குறுக்கே இரு மாநிலங்களின் எல்லைக்கோடு விழுந்தது. முதுமையில், பிறந்த ஊர் அவரைத் தோல்வியுறச் செய்த பின்னர், இச்சாலையின் மறுகோடியில் இருந்த மக்களே அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர்தாம் காமராஜர்.

அவரைப் புகழ்ந்து பேசுவது எளிது. தமிழ்நாட்டில் வாழ்வோர் அவர் காலத்து அணையைக் காட்டுவர்; அவர் காலத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவர். எல்லைக்கு வெளியே வாழும் நாம் எதைக் காட்டுவது? கேரளத்துத் தமிழர் இல்லங்களில் அவர் பெயரை எடுத்தால், மரியாதையோடு கூடவே ஒரு குறையும் வெளிப்படும். 1956ஆம் ஆண்டு எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்குக் கிடைக்காமற் போயின. அப்பொழுது முதலமைச்சராக இருந்தவர் அவர்தாமே என்பார்கள். இந்தக் குறையை மூடி மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்கும் பெருமையன்று, நமக்கும் நேர்மையன்று. ஆகவே அவருடைய நீண்ட அரசியல் வாழ்வை, தம்பானூரில் நின்று பார்க்கும் ஒரு தமிழனின் கண்கொண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மாள். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மாமன் ஒருவருடைய துணிக்கடையில் உட்கார்ந்தார். ஆனால் கடையில் இருந்த நேரத்தைவிடப் பொதுக்கூட்டங்களில் இருந்த நேரம் அதிகமாயிற்று. 1919இல் பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. பையன் கையை விட்டுப் போகிறானே என்று கவலைப்பட்ட குடும்பத்தார், அரசியல் வாடை படாத இடத்தில் இருக்கட்டும் என்று எண்ணித் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அவரை அனுப்பினார்கள்.

அக்காலத்தில் தம்பானூரில் புகைவண்டி நிலையம் இல்லை. 1918இல் இந்நகருக்கு வந்த இருப்புப்பாதை அதை எட்டியிருக்கவில்லை. தம்பானூர் வரை அது நீண்டது 1931ஆம் ஆண்டில்தான். சாலைக்கடைத் தெருவில் தமிழ் வணிகர் பலர் கடை வைத்திருந்த நகரம் இது. உறவினர் ஒருவருடைய கடை, அங்கே ஒரு மூலையில் படுக்கை, ஊருக்கு எழுதும் கடிதம், பிறமொழியில் கணக்குக் கேட்கும் வாடிக்கைக்காரர் என்னும் அனுபவம் நம்மில் எத்தனையோ பேருடைய குடும்பக் கதை. பின்னாளில் இந்தியாவின் இரு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்ற மனிதர், பிழைப்புக்காகப் புறப்பட்டு வந்த ஒரு தமிழ் இளைஞராகவே இந்நகரின் தெருக்களை முதலில் கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

அரசியல் வாடை படாத இடம் என்று குடும்பத்தார் எண்ணியது பொய்யாயிற்று. 1924ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சிவன் கோயிலைச் சுற்றியுள்ள பொதுச்சாலையில், பிறப்பைக் காரணம் காட்டிச் சிலரை நடக்கவிடாத வழக்கத்தை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் முதலியோர் அதை நடத்தினர். தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி வந்து இருமுறை சிறை சென்றார். அந்தப் போராட்டத்தில் தொண்டராகக் கலந்துகொண்டவர்களுள் காமராஜரும் ஒருவர். குடும்பத்தார் அவரை விருதுநகருக்கே திரும்ப அழைத்துக்கொண்டனர். ஆனால் ஒரு பாடம் அவருள்ளே பதிந்துவிட்டது. பொதுச்சாலை என்பது நடக்கிறவர்கள் எல்லாருக்கும் உரியது. நடப்பவன் யார், எந்த ஊரான் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் சிறையும் கட்சிப்பணியுமாகக் கழிந்தன. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931இல் விடுதலையானார். 1937இல் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சி மன்றம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1941இல் விடுதலையாகி வந்தவர், அப்பொறுப்புக்குத் தம்மால் முழு நேரமும் தர இயலாது என்று கருதி உடனே அதைத் துறந்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது, பம்பாயிலிருந்து திரும்பியதும் போலீசார் கண்ணில் படாமல் ஊர் ஊராகச் சென்று செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து முடித்தார். அதன் பிறகே சிறை புகுந்தார். 1945இல்தான் வெளியே வந்தார். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவருடைய சிறைவாசம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். பள்ளியில் விட்டுப்போன படிப்பை அவர் சிறையிலேதான் தொடர்ந்தார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். இந்தியக் குடிமகன் எவனும் நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றிச் செல்லலாம், எங்கும் தங்கி வாழலாம் என்னும் உரிமையை எழுதி வைத்த சபை அது. மொழிச் சிறுபான்மையோர் தமக்கு விருப்பமான கல்விச்சாலைகளை நிறுவி நடத்தலாம் என்பதும் அந்த அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற உரிமையே. பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இவ்விரண்டும் கைவிளக்குப் போன்றவை.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அவரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்மர். கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற எம். பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேஸ்வரனுக்கு அளித்த பொறுப்புகளுள் இந்து அறநிலையத் துறையும் ஒன்று. வைக்கத்துச் சாலையில் நடக்க உரிமை கேட்ட தொண்டரின் கையில் அதிகாரம் வந்ததும், அவர் செய்த முதற் காரியங்களுள் இது ஒன்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றிய தெரு; முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் அளித்தது கோயில்களின் மேற்பார்வை.

கல்வித் துறையில் அவர் செய்தது யாவரும் அறிந்தது. பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோருடைய தொழிலைக் கற்கலாம் என்று 1953இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளிக்கூடம் இல்லாத சிற்றூர்களில் பள்ளிகள் திறக்கச் செய்தார். பசியோடு இருக்கும் குழந்தை பாடம் கேளாது என்பதை உணர்ந்து, 1956இல் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஊராருடைய நன்கொடையால் நடந்த அத்திட்டம் பிறகு அரசாங்க நிதியைப் பெற்றது. ஊர் மக்களே முன்வந்து தம் பள்ளிக்கு வேண்டியவற்றைத் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்தினார். பிள்ளைகள் கட்டணமின்றிப் பள்ளி இறுதி வகுப்புவரை படிக்கும் நிலை படிப்படியாக உருவாயிற்று.

இதில் நமக்கு உள்ள பங்கு என்ன? பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்க வந்த தமிழர் பலருடைய முதல் முதலீடு அந்தப் பள்ளி இறுதிச் சான்றிதழ்தான். முந்தைய தலைமுறையினர் மூட்டை தூக்கவும் தோட்டத்தில் கூலி வேலை செய்யவும் எல்லை தாண்டினர். பின்வந்தவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாய், ஒரு விண்ணப்பத்தைத் தம் கையாலேயே நிரப்பக் கூடியவர்களாய்ப் புறப்பட்டனர். அவர் போட்ட சோறு தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடவில்லை; உண்டவர்கள் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது.

இனி, அந்தக் குறைக்கு வருவோம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களின் தமிழ் மக்கள், தங்கள் பகுதி தமிழகத்தோடு சேர வேண்டும் என்று 1940களின் நடுப்பகுதியிலிருந்தே கேட்டு வந்தனர். ஏ. நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் அக்கோரிக்கையை நடத்தியது. செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றையும் அவர்கள் கேட்டனர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். உயிர்கள் பலியாயின. இன்று நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கடந்து போகும் மார்த்தாண்டம் அதுவே.

மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தென் தாலுகாக்கள் நான்கையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குத் தரலாம் என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் இருக்கட்டும் என்றது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். ஆயினும், அவர்களுள் மிகப் பலர் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்கள், வருவதும் போவதுமாக இருப்பவர்கள் என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. மலையின் நீர்வளமும் பொருள்வளமும் கேரளத்துக்கு இன்றியமையாதவை என்னும் வாதமும் எழுந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி தமிழகம் சேர்ந்தது. மலைத் தாலுகாக்கள் சேரவில்லை.

இங்கே நம் நெஞ்சை உறுத்துவது இழந்த நிலத்தின் பரப்பு மட்டுமன்று. மண்ணில் உழைத்துத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்த மக்களை, வந்து போகிறவர்கள் என்று கணக்கிட்டார்களே, அதுதான் உறுத்துகிறது. இந்த வருத்தம் நியாயமானது. காமராஜர் இன்னும் அழுத்தமாக வாதாடியிருக்கலாம் என்று அன்று சொன்னவர்களும் உண்டு. இன்று சொல்பவர்களும் உண்டு. எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்னும் கருத்தில் அவர் பேசியதாக ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எல்லையின் உட்புறம் இருப்பவர்க்கு அது பெருந்தன்மையாகப் படலாம். மூணாற்றுத் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தவருக்கு அது ஆறுதலாக இருந்திராது.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். காமராஜர் பதவியேற்ற 1954இல் சென்னை மாநிலம் என்பது தமிழகம் மட்டுமன்று. மலபார் அதில் ஒரு மாவட்டம். தென் கன்னடம் மற்றொரு மாவட்டம். தென் கன்னடத்தைச் சேர்ந்த ஏ. பி. ஷெட்டி அவருடைய அமைச்சர்களுள் ஒருவர். கோழிக்கோட்டு மலையாளிக்கும் மங்களூர்க்காரருக்கும் அவரே முதலமைச்சர். அதே நவம்பர் முதல் நாள் மலபார் கேரளத்தோடும் தென் கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. தமக்கு வரவேண்டிய தாலுகாக்களுக்காகக் கிளர்ச்சியைத் தூண்டிவிட்டு, தம்மிடமிருந்து போக வேண்டிய மாவட்டங்களை அமைதியாக அனுப்பிவைக்க எந்த முதலமைச்சராலும் இயலாது. ஓரிடத்தில் மொழியே நியாயம் என்பதும், மற்றோரிடத்தில் அதை மறுப்பதும் அவருக்கு இயல்பன்று. ஒரு கமிஷனின் தீர்ப்பை, தமக்குச் சாதகமான பகுதியோடு பாதகமான பகுதியையும் சேர்த்தே அவர் ஏற்றுக்கொண்டார். அதனால் தமிழர் ஒருசாரார் இழந்தது உண்மை. எல்லையில் மீண்டும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதும் உண்மை.

எல்லை முடிந்த பிறகு அவர் செய்தது என்ன என்பது அதனினும் முக்கியமானது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே ஓடும் ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிக் கோயம்புத்தூர் மாவட்டத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில். எல்லை பிரிந்த இரண்டே ஆண்டுகளில், 1958இல், இரு மாநில அரசுகளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1961இல் நேரு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முறையான ஒப்பந்தம் பிறகு 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. எல்லைக்கோட்டை வேலியாகக் கருதியிருந்தால் அந்த நீர் கடலுக்கே போயிருக்கும். கோட்டின் இருபுறமும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடந்தே தீரவேண்டும் என்பது சாலைக்கடை வணிகரும் அறிந்த உண்மை. மரக்கடையில் இருந்தவருக்கு அதை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதவியை அவர் விட்ட விதம் நாடறிந்தது. மூத்த தலைவர்கள் ஆட்சியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் அவருடைய யோசனை, 1963 ஆகஸ்டில் ‘காமராஜ் திட்டம்’ என்னும் பெயரோடு ஏற்கப்பட்டது. மத்திய அமைச்சர்கள் அறுவரும் மாநில முதலமைச்சர்கள் அறுவரும் விலகினர். லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம் ஆகியோர் அவர்களுள் சிலர். யோசனை சொன்னவர் தம்மையே முதலில் அதற்கு உட்படுத்திக்கொண்டு, அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை வகித்தார். அவ்வாண்டு மே 27இல் நேரு மறைந்தபோது சாஸ்திரியும், 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தபோது இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவருடைய உழைப்பே பெரிதும் காரணமாயிற்று. தாம் அந்த நாற்காலியில் அமர அவர் முயலவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. தலைவர் டில்லியில் இருந்த காலத்தில் தமிழகத்தில் மக்களின் மனம் மாறிக்கொண்டிருந்தது. அரிசித் தட்டுப்பாடும், 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை ஆட்சியினர் அடக்கிய விதமும் காங்கிரசின் மீது கோபத்தை வளர்த்தன. 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் வென்றது. விருதுநகர்த் தொகுதியில் காமராஜரே, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். பிறந்த மண், தான் பெற்ற மகனையே அப்பால் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் காங்கிரஸ் தன் சொந்த வலிமையால் ஆட்சிக்கு வந்ததில்லை. மக்கள் அளித்த தீர்ப்பை அவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

1968இல் நேசமணி மறைந்தார். அவர் வகித்திருந்த நாகர்கோயில் லோகசபைத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. காமராஜர் அங்கே வேட்பாளராக நின்றார். அப்பொழுது திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோயிலுக்கும் இடையே இருப்புப்பாதை கிடையாது. அது 1979இல்தான் வந்தது. எல்லாப் போக்குவரத்தும் இந்தச் சாலை வழியேதான். அந்த வாக்காளர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் குடிகளாக இருந்தவர்கள். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று அடிபட்டவர்கள். வீட்டுப் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் மக்கள். சொந்த ஊரில் தோற்றவரை அவர்கள் வெளியூரான் என்று ஒதுக்கவில்லை. பெரும் வாக்கு வேறுபாட்டில் வெற்றிபெறச் செய்தார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் பிளவுபட்டது. தாம் பிரதமராக்கிய இந்திரா காந்திக்கு எதிர்த் தரப்பில் காமராஜர் நின்றார். 1971 தேர்தலில் தமிழ்நாட்டில் அவருடைய பழைய காங்கிரசுக்குக் கிடைத்த லோகசபை இடம் ஒன்றே ஒன்று. அது நாகர்கோயில். காற்று எதிராக வீசிய காலத்திலும் தெற்குக்கோடி மக்கள் தம் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், முதலமைச்சர் பதவியைத் துறந்த அதே தேதியில், காந்தியடிகள் பிறந்த நாளில் அவர் காலமானார். அப்பொழுதும் அவர் நாகர்கோயிலின் பிரதிநிதியே. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கன்னியாகுமரிக் கடற்கரையில், அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில், இப்பொழுது ஒரு மணிமண்டபம் இருக்கிறது.

இந்த வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது, பிற மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு என்ன மிஞ்சுகிறது? நிலத்தை எல்லாருக்கும் மனநிறைவாகப் பங்கிடுவது எந்தத் தலைவராலும் ஆகாத காரியம். எங்கே கோடு போட்டாலும் அந்தப் பக்கம் சிலர் நின்றுவிடுவர். அவ்வாறு நின்றுவிட்டவர்களுக்கு வாழும் வகை என்ன என்பதே அடுத்து எழும் கேள்வி. அதற்கு விடையும் அதே 1956ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அரசியல் சட்டத்தில் செய்யப்பட்ட ஏழாவது திருத்தம், 350-ஏ, 350-பி என்னும் இரு பிரிவுகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல்வது ஒவ்வொரு மாநிலத்தின் கடமை என்கிறது முதற் பிரிவு. அவர்களுக்குரிய பாதுகாப்புகளைக் கண்காணித்து ஜனாதிபதிக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரி வேண்டும் என்கிறது இரண்டாவது பிரிவு. கேரளத்தில் 1969இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்தோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் வழி செய்திருக்கிறது.

இவை ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் உள்ளதை வீட்டுக்குக் கொண்டுவருவது நம் வேலை. தேவிகுளத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசும் நம்மில் எத்தனை பேர், தம் பிள்ளை படிக்கும் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்று கேட்டிருக்கிறோம்? மாணவர் குறைந்துவிட்டனர் என்று ஒரு தமிழ் வகுப்பை மூட எண்ணும்போது, அக்கம்பக்கத்துப் பெற்றோரைக் கூட்டிச் சென்று தலைமை ஆசிரியரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அரசாங்கத்துக்குத் தமிழில் ஒரு மனு எழுதிப் போட்டவர்கள் எத்தனை பேர்? உரிமை உண்டு என்று தெரியாமலே இழப்பதும், தெரிந்தும் கேளாமல் இழப்பதும் முடிவில் ஒன்றுதான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுச்சாலையில் நடக்கும் உரிமையைக் கேட்க வைக்கத்துக்குப் போன இளைஞருக்கு அந்தச் சாலையில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. அவர் அந்த ஊர்க்காரரும் அல்லர். ஆயினும் கேட்டார். பின்னர், ஆட்சி கைக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தையே முதலில் நினைத்தார். அவர் நினைவைப் போற்ற விரும்பும் வெளிமாநிலத் தமிழருக்கு இவ்விரண்டும் போதும்: வாழும் ஊரில் கூச்சமின்றி நிற்பது, பிள்ளையின் கையில் தமிழ்ப் புத்தகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

அடுத்த முறை தம்பானூரில் நாகர்கோயில் வண்டியின் பலகையைக் காணும்போது, உடன் நிற்கும் குழந்தையை அதைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டியாவது அது படித்துவிட்டால், காமராஜர் இட்ட சோறு களியக்காவிளையைத் தாண்டி நம் வீடு வரை வந்து சேர்ந்துவிட்டது என்று நாம் மகிழலாம்.